தரை துடைக்க எத்தனை டிகிரி?

எலும்பு முறிந்து கட்டு அவிழ்த்தபின் ஒருவர் இயன்முறை சிகிச்சைக்குச் செல்லத் தொடங்கினால், அவருடைய உடல் இருவகை எண்களாக எழுதப்படத் தொடங்குகிறது. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பது ஒன்று; தசைக்கு எவ்வளவு வலு மீண்டிருக்கிறது என்பது மற்றொன்று. வாரந்தோறும் அட்டையில் ஏறும் இவ்வெண்களைப் பார்த்தே சிகிச்சை நீட்டிக்கப்படுகிறது அல்லது நிறுத்தப்படுகிறது. வேலைக்குத் திரும்பலாமா, இழப்பீடு உண்டா, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்குமா என்பனவும் இவற்றையே பெரிதும் நம்பியிருக்கின்றன. இத்தனை பொறுப்பைச் சுமக்கும் எண்கள் எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தன என்பதை நோயாளி கேட்பதில்லை. அளப்பவருக்கும் அதைக் கேட்க நேரம் வாய்ப்பது அரிது.

முதலில் கோணத்தைப் பார்க்கலாம். மூட்டின் அசைவை அளக்கும் எளிய கருவி கோனியோமீட்டர். நடுவில் பாகை குறித்த வட்டம், அதிலிருந்து நீளும் இரண்டு கைகள். பள்ளிப் பெட்டியில் இருக்கும் கோணமானிக்கு இரண்டு கைகள் முளைத்தது போன்ற தோற்றம். ‘கோனியா’ என்றால் கிரேக்கத்தில் கோணம். 1780 வாக்கில் பிரான்சில் கரான்ஜோ என்பவர் படிகங்களின் முகங்களுக்கு இடைப்பட்ட கோணத்தை அளக்க இப்படியொரு கருவியைச் செய்தார். படிகத்தின் கோணம் காலையிலும் மாலையிலும் ஒன்றே. முழங்காலின் கோணம் அப்படியன்று. வீக்கம், வலி, முந்தைய இரவின் உறக்கம், அளப்பவரின் கை தரும் நம்பிக்கை என எல்லாம் அதில் கலந்திருக்கும்.

கோணத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதிலும் நெடுங்காலம் ஒருமை இல்லை. நீட்டிய முழங்காலைச் சிலர் 180 என்றும் சிலர் 0 என்றும் எழுதினர். 1936-இல் கேவ், ராபர்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க எலும்பியல் மருத்துவர்கள், நிமிர்ந்து நிற்கும் உடலின் நிலையையே எல்லா மூட்டுகளுக்கும் சுழியாகக் கொள்ளும் முறையை முன்வைத்தனர். 1965-இல் அமெரிக்க எலும்பியல் மருத்துவர் கழகம் வெளியிட்ட கையேடு அம்முறையை உலகெங்கும் கொண்டுசென்றது. அக்கையேட்டின் வழி பரவிய அட்டவணைகளில் முழங்காலின் இயல்பான மடக்கம் ஏறத்தாழ 135 பாகை. சுழி எது, முழுமை எது என்ற இரண்டு முடிவுகளும் இவ்வாறு ஒரு நாட்டின் மருத்துவ மரபிலிருந்து வந்தவை. அளவீட்டுக்கு ஏதேனும் ஒரு பொதுமுறை வேண்டும் என்பதால் இதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் முழுமை என்று குறித்த இடத்தில் வாழ்க்கையும் முடிந்துவிடுவதாக எண்ணினால் சிக்கல் தொடங்குகிறது.

அளக்கும் முறை இது. நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். கருவியின் மையம் முழங்காலின் வெளிப்புற எலும்புமேட்டின் மீது அமரும். ஒரு கை இடுப்பருகே தொடையெலும்பின் வெளிப்புடைப்பை நோக்கியும், மறுகை கணுக்காலின் வெளிப்புற முட்டை நோக்கியும் நிற்கும். மையம் சற்று விலகினாலும், தொடை பருத்திருந்து எலும்புமேடு தட்டுப்படாவிட்டாலும் எண் மாறும். அதனால்தான் ஐந்து பாகை வரையிலான வேறுபாட்டை முன்னேற்றமாகவோ பின்னடைவாகவோ உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இத்துறையின் நடைமுறை அறிவு. ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே படுக்கை நிலை, நாளின் ஒரே வேளை ஆகியவை அமைந்தால் எண்ணை நம்பலாம். சென்ற வாரம் ஒருவரும் இந்த வாரம் மற்றொருவரும் அளந்து, நான்கு பாகை கூடிவிட்டது என்று மகிழ்வதற்கு அடிப்படை இல்லை.

நன்றாக அளந்தால் எண் மிகுதியாகப் பேசும். தில்லியில் நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த ஒரு பெண்ணின் முழங்கால் அதற்குச் சான்று. பீகாரிலிருந்து வந்து குடியேறியவர். நாற்பது வயதை நெருங்கியவர். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் முழங்காற்சில்லு இரண்டாகப் பிளந்தது. அறுவை செய்து கம்பியால் இழுத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் கழித்து இயன்முறைப் பிரிவில் முதன்முறை அளந்தபோது இரண்டு வரிசைகள் எழுதப்பட்டன. அவராகவே மடக்கியது 70 பாகை. மருத்துவர் பிடித்து மடக்கியபோது 80. அவராகவே நீட்டியபோது நேராவதற்கு 15 பாகை மிச்சம் இருந்தது. மருத்துவர் தூக்கி நீட்டியபோது கால் முழுவதும் நேரானது.

இந்த நான்கு எண்களில் நோயின் கதை முழுவதும் இருக்கிறது. பிறர் மடக்கினாலும் மடங்கவில்லை என்றால் தடை மூட்டிலோ அதைச் சுற்றிய திசுக்களிலோ இருக்கிறது. அங்கே தசைக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது போதாது. பிறர் நீட்டினால் நேராகி, தானே நீட்டும்போது நேராகாவிட்டால் மூட்டு வழிவிட்டுவிட்டது, இழுக்கும் தசைதான் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். முழங்காலில் நீர் கோத்திருந்தாலே தொடையின் முன்தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை மட்டுப்பட்டுவிடும். நோயாளி முயலவில்லை என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. ‘ஜோர் லகாவோ’ என்று இந்தியில் அங்கே அடிக்கடி கேட்கும் குரல், பல சமயங்களில் செவிசாய்க்கவே இயலாத ஒரு தசையை நோக்கி எழுகிறது. தானே அசைத்தது எவ்வளவு, பிறர் அசைத்தது எவ்வளவு என்று பிரித்து எழுதாமல் ‘மடக்கம் 80’ என்று ஒரே எண்ணை எழுதும் அட்டை இந்தச் செய்திகள் அனைத்தையும் இழந்துவிடுகிறது.

இனி வலு. இதன் வரலாறு சொற்களில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த ராபர்ட் லவட்டும் அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும், கையால் எதிர்த்து அழுத்தியும் புவியீர்ப்பைத் துணைக்கொண்டும் தசையைச் சோதிக்கும் முறையை உருவாக்கினர். முடிவுகள் பெயரடைகளாக இருந்தன. தமிழில் சொன்னால் இயல்பு, நன்று, சுமார், மோசம், சுவடு, இல்லை. 1943-இல், போரில் நரம்பு அறுந்த வீரர்களுக்காக பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட கையேடு 0 முதல் 5 வரையிலான இலக்கங்களைப் பரப்பியது. 0 என்றால் அசைவே இல்லை. 1 துடிப்பு மட்டும். 2 என்றால் புவியீர்ப்பின் பாரம் இல்லாத படுக்கை நிலையில் அசைக்க முடியும். 3 புவியீர்ப்பை எதிர்த்து அசைக்க முடியும். 4 அதனுடன் ஓரளவு எதிர்விசையையும் தாங்க முடியும். 5 இயல்பு.

அறுந்த நரம்பு மீண்டும் முளைக்கிறதா என்பதே போர்க்கால மருத்துவரின் கேள்வி. அதற்கு 0, 1, 2 ஆகியவற்றின் நுட்பம் மிகப் பொருத்தமானது. ஒரு சிறு துடிப்புகூட அங்கே நற்செய்தி. ஆனால் எலும்பு கூடியபின் வேலைக்குத் திரும்ப வேண்டியவரின் கேள்வி 3-க்கு மேலேதான் தொடங்குகிறது. அங்கே இந்த அளவுகோல் மிகவும் கரடுமுரடானது. முழங்காலுக்குக் கீழேயுள்ள காலும் பாதமும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ 6 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ளவர் நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டினால் தசை தூக்குவது மூன்றரை கிலோ அளவிலான பாரம். அதற்கு 3 என்ற தரம் கிடைத்துவிடும். அவரே மாடிப்படி ஏறும்போது அதே தசை, ஒற்றைக் காலில், ஏறக்குறைய உடல் முழுவதையும் மேலே தூக்க உதவ வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடுந்தொலைவைச் சுமக்க 4 என்ற ஒரே இலக்கம்தான் இருக்கிறது.

ஐந்தில் நான்கு என்றால் எண்பது விழுக்காடு என்று மனம் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ‘நன்று’ என்ற சொல்லாகவே அது இருந்திருந்தால் யாரும் அதை வகுத்தும் பெருக்கியும் பார்த்திருக்க மாட்டார்கள். வரிசையைக் காட்ட வந்த இலக்கம் அளவைக் காட்டுவதாக மயக்கம் தருவது அன்றாடத்தில் நிகழ்வதுதான். ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவர் முதலாமவரைவிட இருமடங்கு மெதுவானவர் என்று யாரும் கருதுவதில்லை. மருத்துவ அட்டையில் மட்டும் அந்த விழிப்பு மங்கிவிடுகிறது. நம் அரசாணையிலும் அது மங்கியிருக்கிறது. மாற்றுத்திறன் அளவை மதிப்பிட மத்திய அரசு 2001-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தரம் 4 என்றால் வலு இழப்பு 20 விழுக்காடு, 3 என்றால் 40, 2 என்றால் 60 எனப் படிக்கட்டுபோல் சம இடைவெளியில் மாற்றப்பட்டது. பாஸ்டனில் பெயரடையாகப் பிறந்தது போர்க்களத்தில் இலக்கமாகி, இந்திய அலுவலகத்தில் விழுக்காடாகிவிட்டது.

அந்த விழுக்காட்டின் மீது ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் வேலை ஒதுக்கீடு போன்ற உரிமைகள் திறக்கும். இரண்டு இழப்புகளை இணைக்க அந்த 2001 வழிகாட்டுதல் ஒரு வாய்பாடு தந்தது: பெரிய எண்ணுடன், சிறிய எண்ணை 90-க்கும் பெரிய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி 90-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். 30-உம் 20-உம் சேர்ந்தால் 43.3. 25-உம் 15-உம் சேர்ந்தால் 35.8. முதலாமவர் கோட்டுக்கு மேலே, இரண்டாமவர் கீழே. அந்த 25, 30 ஆகியவற்றுக்குப் பின்னால் ஐந்து பாகை அங்குமிங்கும் ஆகக்கூடிய ஒரு கருவியும், எதிர்த்து அழுத்திய ஒரு கையும் இருக்கின்றன.

அந்தக் கையின் பங்கும் சிறிதன்று. மெலிந்த உடல்வாகுள்ள மருத்துவர் ஒருவர், கட்டுமானத் தொழிலாளியின் தொடைத் தசையை எத்தனை அழுத்தினாலும் அசைக்க முடியாது. தசை பாதி வலுவை இழந்திருந்தாலும் 5 என்றே எழுத நேரலாம். இதைத் தவிர்க்கவே கையடக்க விசைமானிகள் வந்தன. பெரிய விளையாட்டு மருத்துவ நிலையங்களில், ஒரே வேகத்தில் மட்டும் அசைய இடம்தந்து விசையைப் பதிவுசெய்யும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் இரத்த அழுத்தமானியின் பையைச் சற்று ஊதி மடித்துவைத்து, அதை நோயாளி அழுத்தும்போது அளவுகாட்டி எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். எந்தச் சிறு மருத்துவமனையிலும் இருக்கும் பொருள் அது. ‘4’ என்று நான்கு வாரம் தொடர்ந்து எழுதுவதைவிட, 60-இல் இருந்து 85-க்கு ஏறியது என்று எழுதுவது நோயாளிக்குத் தன் உழைப்பைக் கண்ணால் காட்டும். காயமுற்ற காலை மற்றக் காலுடன் ஒப்பிட்டு விழுக்காடு சொல்வதும் வழக்கம். ஆனால் மாதக்கணக்கில் படுத்திருந்தவரின் நல்ல காலும் மெலிந்திருக்கும் என்பதை அந்த ஒப்பீடு மறைத்துவிடும்.

தில்லிப் பெண்ணின் அட்டை மூன்று மாதத்தில் நன்றாக மாறியது. நீட்டலில் இருந்த 15 பாகைக் குறை மறைந்தது. மடக்கம் 120 ஆயிற்று. வலு 4-ஐத் தாண்டி 5-ஐ நெருங்கியது. சமதளத்தில் நடக்க முழங்கால் 60 பாகையைச் சற்றுத் தாண்டி மடங்கினால் போதும். மாடிப்படிக்கு 80 முதல் 100. நாற்காலியிலிருந்து எழ ஏறத்தாழ அவ்வளவே, சற்றுக் கூடுதலாக. எனவே 120 என்பது ‘செயல்பாட்டுக்குப் போதுமானது’. இனி வாரம் ஒருமுறை வந்தால் போதும், பிறகு வரவேண்டியதில்லை என்று இளம் மருத்துவர் மகிழ்ச்சியுடன் சொன்னார். அந்தப் பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மேடம், குந்தி உட்கார்ந்து தரை துடைக்க எத்தனை டிகிரி வேணும்?”

மருத்துவர் உடனே விடை சொல்லவில்லை. பாதம் முழுவதும் தரையில் படியக் குந்துவதற்கு முழங்கால் 150 பாகைக்கும் மேல் மடங்க வேண்டும். கணுக்காலும் முன்னோக்கி நன்கு சாய வேண்டும். அட்டவணையின் முழுமையான 135-ஐ எட்டினாலும் அந்தப் பெண்ணால் குந்த முடியாது. நான்கு வீடுகளில் இரண்டு, துணியால் கைப்படத் துடைப்பதையே கேட்கும் வீடுகள். அவர் தங்கியிருந்த இடத்தின் பொதுக் கழிப்பறை குந்தி அமரும் வகை. அடுப்பு தரையில். ஊருக்குப் போனால் பூசைக்கும் பந்திக்கும் தரையிலேதான் அமர வேண்டும். போதும் என்று மூடப்படவிருந்த அட்டைக்கும் அவர் வாழ்க்கைக்கும் இடையே முப்பது பாகை மிச்சம் இருந்தது. அதற்குள் பாதிச் சம்பளமும் அடங்கியிருந்தது.

“தீதி, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?” என்றார் மருத்துவர்.

“யாரும் கேக்கலையே மேடம்.”

சிகிச்சை மேலும் இரண்டு மாதம் தொடர்ந்தது. அறுவை செய்தவரிடம் கேட்டு, முழங்காற்சில்லு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று உறுதிசெய்துகொண்ட பின் கணுக்காலுக்கும் சேர்த்துப் பயிற்சிகள் மாறின. மடக்கம் 140-ஐத் தொட்டது. குதிகால் தரையில் படியக் குந்துவது கடைசிவரை கைகூடவில்லை. தாழ்ந்த மணைப்பலகையில் அமர்ந்து துடைக்கவும் சமைக்கவும் பழகிக்கொண்டார். இரண்டு வீடுகளில் ஒன்று அதற்கு ஒப்புக்கொண்டது. மற்றது வேறு ஆளைத் தேடிக்கொண்டது. இதைச் சிகிச்சையின் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்பது இம்முறை அவருக்கும் மருத்துவருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

குந்துதல், சம்மணமிடுதல், மண்டியிடுதல், ஒருக்களித்து அமர்தல் எனத் தமிழில் தரைநிலைகளுக்குத் தனித்தனி வினைகள் உள்ளன. இந்தியிலும் குந்தி அமர்வது ‘உக்டூ’, சம்மணமிடுவது ‘பால்தி’. அன்றாடம் பயன்படும் நிலைகளுக்கே மொழி தனிச்சொல் ஒதுக்கும். சிகிச்சை அட்டையில் இவை அனைத்தும் ‘மடக்கம்’ என்ற ஒரே பெயர்ச்சொல்லுக்குள் கரைந்துவிடுகின்றன. கேள்வியைத் தரையிலிருந்து தொடங்கியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதம் அப்படிப் பிறந்தது. மேலைநாட்டுச் செயற்கைப் பாதத்தின் கணுக்கால் அசையாதது. காலணிக்குள் அடங்கி நடப்பதற்கென அமைந்தது. குந்தவும், சம்மணமிடவும், வெறுங்காலோடு வயலில் இறங்கவும் வேண்டியவர்களுக்கு அது உதவவில்லை. ஜெய்ப்பூர்ப் பாதம் ரப்பரால் ஆகி, கணுக்காலில் வளைந்து கொடுத்தது. அதன் தேவைப் பட்டியல் நோயாளிகளின் வினைச்சொற்களிலிருந்து எழுதப்பட்டது.

வியப்பு என்னவென்றால், சம இடைவெளிப் படிக்கட்டைக் கட்டிய அதே 2001 வழிகாட்டுதலும் அந்தத் தரையை மறக்கவில்லை. காலின் மாற்றுத்திறனை மதிப்பிட அது அசைவு, நிலைத்தன்மை என இரண்டு கூறுகளை வகுத்தது. நிலைத்தன்மைக்கு ஒன்பது செயல்கள்; ஒவ்வொன்றுக்கும் 10 விழுக்காடு. சமதளத்தில் நடத்தல், சரிவில் நடத்தல், படியேறுதல், இரு காலில் நிற்றல், பாதிப்புற்ற காலில் நிற்றல், தரையில் குந்துதல், சம்மணமிட்டு அமர்தல், மண்டியிடுதல், திரும்புதல். ஒன்பதில் மூன்று தரையைச் சேர்ந்தவை. உரிமையை அளக்கும் அலுவலகத்துக்குத் தெரிந்த இந்த மூன்று வினைகளும், குணப்படுத்தும் அறையின் அட்டையில் பல நேரம் இடம்பெறுவதில்லை. சிகிச்சை முடிந்தபின் இழப்பைக் கணக்கிடக் கேட்கும் கேள்வியைச் சிகிச்சை தொடங்கும்போதே கேட்டிருந்தால் இழப்பின் ஒரு பகுதி நேராமலே போயிருக்கலாம்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தானே அசைத்ததையும் பிறர் அசைத்ததையும் தனித்தனியே எழுதலாம். யார் அளந்தார், எந்த நிலையில் அளந்தார் என்பதைக் குறிக்கலாம். வலுவுக்கு 4 என்பதோடு நின்றுவிடாமல், கிடைக்கும் கருவியைக் கொண்டு ஓர் அளவையும் சேர்க்கலாம். நோயாளி மீண்டும் செய்ய விரும்பும் மூன்று செயல்களை முதல் நாளே அவருடைய சொற்களில் அட்டையின் தலைப்பில் எழுதிவைக்கலாம். காயமுற்றவருக்கும் அவரை அழைத்துச் செல்லும் குடும்பத்தாருக்கும் ஒன்று: எண் எவ்வளவு கூடியது என்று கேட்பதோடு, அந்த எண் எந்த வேலைக்குப் போதும் என்றும் கேளுங்கள். வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது, கழிப்பறை எப்படிப்பட்டது, எந்த வேலைக்குக் கூலி வருகிறது என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கோனியோமீட்டரின் கைகளை எங்கே வைக்க வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியும். கால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.